படிக்காமல் விட்ட மூன்று வரிகள்

கொழும்பு ஜாம் – ஒன்பதாவது அத்தியாயம்

ட்ரங்குப் பெட்டி மூடவில்லை. கோமதித்தாய் அதன் மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்துவிட்டாள். அப்போதும் கொண்டிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவே அரை விரல் இடைவெளி.

“மூடலைன்னா ரெண்டு சேலையை எடுத்து வெளிய போடு,” என்றது அடுக்களையிலிருந்து ஒரு குரல். “போட்டதைப் பத்திரிகைக்காரனுக்கு அனுப்பிராதே. அதுக்கும் ஒரு பரிசு குடுத்துரப் போறான்.”

மாமியார் சுந்தரம்மாள். வயது அறுபத்தெட்டு. மூன்று நாளாக மருமகளோடு நேருக்கு நேர் பேச்சு இல்லை. சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள். சுவர் கோமதித்தாயிடம் சொல்லிவிடும்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டு மருமகளைப் பெட்டியோட அனுப்புதீங்களே அத்தை. ஊர்ல யாராவது செய்வாங்களா?”

“போறது வீட்டு மருமகள்னு யாரு சொன்னா?” என்று சுவரைக் கேட்டாள் சுந்தரம்மாள்.

வாசுதேவநல்லூர் பஸ் ஒன்றரை மணிக்கு. ராமசுப்பு ஒரு மணிக்கு ஆபீஸிலிருந்து வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றிவிடுவான். பெண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைக்க அரை நாள் லீவு போட்ட புருஷன்!

பள்ளிக்கூடம் போயிருக்கும் மகள் நாலரை மணிக்குத் திரும்பி வந்து அம்மாவைத் தேடுவாள். அவளுக்கு யார் பதில் சொல்வார்கள் என்று அந்த வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் ஒரு ஜாமால் வந்தது.

சுந்தரம்மாள் கொழும்பில் பதினாறு வருஷம் குடித்தனம் செய்தவள். அங்கே புருஷனுக்குக் கடை. அங்கேதான் விளாம்பழத்தில் ஜாம் கிண்டக் கற்றுக்கொண்டாள். புருஷன் இறந்து, பிள்ளைகளோடு சங்கரன்கோவிலுக்கே திரும்பி வந்தபோது நகையோடும் பாத்திரத்தோடும் அந்தப் பக்குவமும் கூடவே வந்தது. ஐப்பசி பிறந்தால் குருவிகுளம் தோட்டத்திலிருந்து மூட்டையில் விளாம்பழம் வரும். தீபாவளிக்கு முன் சொந்தக்காரர்கள் வீடு பன்னிரண்டுக்கும் ஆளுக்கொரு ஜாடி போகும். கேட்காத ஆள் கிடையாது. சுந்தரம்மாள் யாருக்கும் சொன்னதும் கிடையாது.

கோமதித்தாய்க்கே முக்கால்வாசிதான் தெரியும். பழம் உடைப்பாள், கரைப்பாள், வடிகட்டுவாள், கருப்பட்டியும் சீனியும் பாதிக்குப் பாதி போடுவாள். பாகு கொதிக்கிற நேரம் மாமியார், “போயி வாசலைத் தெளி” என்பாள். அடுக்களைக் கதவு சாத்தப்படும். திறக்கும்போது ஜாம் இறுகியிருக்கும். கோமதித்தாய் தனியாகச் செய்து பார்த்தபோதெல்லாம் பாயசம் மாதிரிதான் நின்றது.

இன்னொன்று. சுந்தரம்மாள் அந்த ஜாமை நாக்கில் வைப்பதில்லை. மகள் போனதிலிருந்து.

மகள் தங்கத்தாய். கோமதித்தாய் அவளைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அறுபத்து நாலாம் வருஷம் மார்கழியில், அப்பா திவசத்துக்காக அண்ணனோடு ராமேஸ்வரம் போனாள். அண்ணன் ராமசுப்பு காய்ச்சலில் சத்திரத்தில் படுத்துவிட்டான். சத்திரத்துப் பெண்களோடு தங்கத்தாய் மட்டும் கடலாடுவதற்குத் தனுஷ்கோடிக்கு ரயில் ஏறினாள். அந்த ரயில் புயலோடு கடலுக்குள் போனது. பத்து நாள் கழித்து ராமசுப்பு தனியாக வந்து நின்றான். வயது இருபது அவளுக்கு.

அன்றிலிருந்து வருஷா வருஷம் மார்கழியில் ராமசுப்பு குற்றாலம் போய்த் தங்கைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவான். பெற்ற மகளுக்கும் அத்தை பேரையே வைத்தான்.

போன செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். சுந்தரம்மாளுக்கு எழுத்து தெரியாது. வாரா வாரம் ராமசுப்புதான் பத்திரிகையை வாங்கி வந்து வாசித்துக் காட்டுவான். அன்றைக்கும் அப்படித்தான். ‘வாசகியர் அடுக்களை. இந்த வாரம் முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் கேரியர்’ என்று உற்சாகமாக ஆரம்பித்தவன், ‘விளாம்பழ ஜாம்’ என்று படித்துவிட்டு நிறுத்திவிட்டான்.

“ஏம்ல நிப்பாட்டிட்டே? படி!”

படித்தான். நடுவில் ஒரு இடத்தில் இருமினான். கருப்பட்டியும் சீனியும் பாதிக்குப் பாதி. ஒன்பது ஏலக்காய். ஒரு கல் உப்பு. வாழையிலையில் ஒரு சொட்டு விட்டு இலையைக் கவிழ்த்தால் சொட்டு விழக் கூடாது, அதுதான் பதம். அப்படியே அவர்கள் வீட்டு அடுக்களை!

“யாரு எழுதினது?”

“பேரு போடலைம்மா. ஒரு வாசகின்னுதான் போட்டிருக்கு.”

சுந்தரம்மாள் மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்திதான். போதாக்குறைக்குப் போன வருஷம் அதே பத்திரிகையில் ‘ஆசிரியருக்கு’ பகுதியில் கோமதித்தாயின் கடிதம் ஒன்று வந்து, அவளே அதைத் தெரு முழுக்கக் காட்டியிருந்தாள்.

விசாரணை அதோடு முடிந்தது. தீர்ப்புதான் இன்றைய பஸ்.

இதில் கோமதித்தாய்க்கு விளங்காத ஒரு விஷயம் இருந்தது. பத்திரிகையை அவள் கண்ணால் பார்க்கவில்லை. படித்து முடித்த கையோடு ராமசுப்பு அதை ஆபீஸ் பைக்குள் வைத்துக்கொண்டான். புதன்கிழமையிலிருந்து ஒரே பல்லவி: “ஏட்டி, நான்தான் எழுதினேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கோயேன். அம்மா ரெண்டு நாள் கத்துவா, பிறகு விட்டுருவா.”

“செய்யாததை நான் ஏன் ஒத்துக்கணும்?”

“வீட்டு அமைதிக்காகச் சொல்லுதேன்.”

பன்னிரண்டு வருஷத்தில் அவன் இப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

*

கோமதியம்மன் கோயிலில் உச்சிகால மணி அடித்தது. பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கோமதித்தாய் பக்கத்து வீட்டுக்குப் போனாள். போவதற்கு முன் சொல்லிக்கொள்ள இந்தத் தெருவில் அவளுக்கு ஒரு ஆள்தான்.

மகபூப் பீவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷனுக்குக் கடைவீதியில் பலசரக்குக் கடை.

“நிசமாவே போறியா கோமதி? நான் என்னமோ உன் மாமியா வாயால சொல்லுதான்னுல்லா நெனச்சேன்.”

“பெட்டி கட்டியாச்சு அக்கா. மூடத்தான் மாட்டேங்குது.”

“பொட்டிக்குக் கூட அறிவு இருக்கு.” முறத்தைக் கீழே வைத்தாள். “ஏம்மா, ஒரு ஜாமுக்குப் போயி வீட்டை விட்டு அனுப்புவாங்களா? அதுவும் அந்தக் காயல்பட்டினத்துக்காரி எழுதினதுக்கு நீ ஏன் போகணும்?”

கோமதித்தாய் நிமிர்ந்தாள்.

“எந்தக் காயல்பட்டினத்துக்காரி?”

“அதான், பரிசு வாங்கினவ.”

“பேரே போடலைன்னாங்களே, அவுக!”

“பேரு போடாம பரிசை யாருக்குக் குடுப்பான்? டிபன் கேரியரை வாசல்ல வச்சிட்டா ஓடிருவான்?” மகபூப் பீவி எழுந்து உள்ளே போனாள். “என் வீட்டுக்காரரு பொட்டணம் மடிக்கன்னு கடைக்கு எடுத்துட்டுப் போற பொஸ்தகத்தை நான் ஒரு தடவை படிச்சிட்டுத்தான் விடுவேன். இந்த வாரத்தது இன்னும் போகலை. இந்தா.”

கோமதித்தாய் பக்கத்தைப் புரட்டினாள்.

விளாம்பழ ஜாம். அதேதான். வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தாள். கருப்பட்டி, சீனி, ஏலக்காய், உப்பு. அதற்கடுத்து ஒரு வரி. விரல் நின்றது.

அந்த வரியை அன்றைக்கு ராமசுப்பு படிக்கவில்லை. அந்த இடத்தில்தான் இருமினான்.

கீழே போனாள். கடைசியில் பெயர் தெளிவாகவே இருந்தது. பெயருக்கு மேலே சிறிய எழுத்தில் இன்னும் ஒரு வரி. அதையும் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

“என்ன கோமதி, மொகம் வெளுத்துப் போச்சு? தண்ணி குடிக்கியா?”

“அக்கா,” என்றாள். “என்கூட ஒரு நிமிசம் வாங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்.”

*

“அத்தை, உங்க மகன் இந்தக் கட்டுரையில மூணு வரி படிக்காம விட்டிருக்காக.”

சுந்தரம்மாள் இந்தத் தடவையும் சுவரைப் பார்த்தாள். “பெட்டி மூடியாச்சான்னு கேளு.”

“பெட்டி கிடக்கட்டும். ஒரு வரி படிக்கேன், கேளுங்க. இதை எழுதினது நான்னா, இது எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா? எனக்குத் தெரியாது. அம்மன் மேல சத்தியமாத் தெரியாது. பீவி அக்கா, நான் படிக்கிறது சரியான்னு கூடவே பாருங்க.”

மகபூப் பீவி தோளோடு தோள் நின்று எட்டிப் பார்த்தாள். கோமதித்தாய் படித்தாள்:

“‘வடிகட்டி எடுத்த விதையையும் நாரையும் எறிந்துவிடாமல், பழைய வேட்டித் துணியில் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, கொதிக்கிற பாகில் தொங்கவிடவும். ஜாமை இறக்குகிற நேரத்தில் எடுத்துப் பிழிந்துவிடவும். இறுகுவதற்கு இதுதான் ரகசியம்.’”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

சுந்தரம்மாள் வெளியே வந்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல் தடவையாக மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

“திருப்பிப் படி.”

கோமதித்தாய் திருப்பிப் படித்தாள். “வேட்டித் துணி” என்ற இடத்தில் கிழவியின் கை சுவரைத் தேடியது.

“பீவி, அவ சொல்லுதது அதுல இருக்கா?”

“இருக்கு ஆச்சி. எழுத்துக்கு எழுத்து.”

சுந்தரம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த முடிச்சை நான் இந்த வீட்டுல யாருக்கும் காட்டலை,” என்றாள் பிறகு. குரல் அடங்கியிருந்தது. “கதவைச் சாத்திட்டுத்தான் போடுவேன். பிழிஞ்சதும் அடுப்புல எரிச்சிருவேன். கொழும்புல இருக்கையில ஒருத்திக்கு மட்டும் காட்டினேன். அவ அப்பா வேட்டியில கிழிச்சுதான் கட்டுவோம். ரெண்டு முடிச்சு. ஒண்ணு அவ போடுவா, ஒண்ணு நான் போடுவேன்.”

“யாரு அத்தை?”

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மூன்று பேருடைய கண்களும் சுவரில் தொங்கிய மாலை போட்ட போட்டோவுக்குப் போயின.

“போறதுக்கு முன்னால யாருகிட்டயாவது சொல்லியிருப்பாளோ?” மகபூப் பீவி மெல்லக் கேட்டாள். “சேக்காளி யாராவது…”

“சொல்ல மாட்டா. சூடத்தை அணைச்சுச் சத்தியம் வாங்கியிருக்கேன்.” சுந்தரம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். “எழுதினவ பேரு என்ன?”

“கதீஜம்மாள். காயல்பட்டினம்.”

“அந்தப் பேர்ல எனக்கு யாரையும் தெரியாதே.”

வெளியே சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

*

ராமசுப்பு ஒரு கையில் ஆபீஸ் பையோடு உள்ளே வந்தான். “பெட்டி ரெடியா?” என்று ஆரம்பித்தவன் நின்றான். தரையில் அம்மா. நிலைப்படி பக்கத்தில் பக்கத்து வீட்டு பீவி. நடுவில் பெண்டாட்டி, அவள் கையில் பத்திரிகை.

“எங்க கிடைச்சுது அது?”

எப்படிப்பட்ட கேள்வி, பாருங்கள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. யார் அழுதார்கள் என்று கேட்கவில்லை. எங்கே கிடைத்தது!

“இந்த வரியில ஏன் இருமினீங்க?” என்றாள் கோமதித்தாய்.

“எந்த வரி? தொண்டை கமறியிருக்கும்.”

“பேரை ஏன் படிக்கலை?”

“சின்ன எழுத்து. கண்ணுல படலை.”

“நம்ம வீட்டு மின்சார பில்லுல பின்பக்கம் பொடி எழுத்துல போட்டிருக்கிறதையெல்லாம் படிச்சு ஈபிக்காரங்கிட்டச் சண்டைக்குப் போவீங்களே. இது கண்ணுல படலையா?”

“ஏட்டி, பீவி முன்னால என்ன பேச்சு இது? பஸ்ஸுக்கு நேரமாச்சு. கிளம்பு.”

“ஏலே ராமசுப்பு.”

அம்மாவின் குரல் உயரவில்லை. அதுதான் அவனைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

“கதீஜம்மாள் யாருல?”

பை அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. சாப்பாட்டு டப்பா சத்தத்தோடு உருண்டு முற்றத்துக்குப் போனது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

“தெரியாதும்மா.”

“என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.”

பார்க்க முடியவில்லை. நாற்பத்தொரு வயது ஆள், யூனியன் ஆபீஸில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், தூணைப் பிடித்துக்கொண்டு பிள்ளை மாதிரி விசும்ப ஆரம்பித்தான்.

“அவ ரயில் ஏறவே இல்லைம்மா.”

மகபூப் பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். தெருவில் யார் காதிலும் விழாமல் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“கொழும்புல நம்ம கடைக்கு அடுத்த கடை இருந்துச்சுல்லா, அவுக மகன் காதர். அவன் ராமேஸ்வரத்துக்கு வந்திருந்தான். எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குக் காய்ச்சல்தான். காலையில முழிச்சுப் பார்க்கேன், தலைமாட்டுல ஒரு சீட்டு. ‘அண்ணா, நான் காதரோட போறேன், அம்மாகிட்ட நீதான் சொல்லணும்’னு எழுதியிருக்கா. அன்னைக்கு ராத்திரிதான் புயல் அடிச்சுது.”

“சீட்டு எழுதி வச்சிட்டுத்தான் போனாளா?” சுந்தரம்மாளின் உதடுகள் மட்டும் அசைந்தன.

“பத்து நாள் தேடினேன்ம்மா. ரயில் போச்சு, ஊரே போச்சு, அத்தனை பொணம். ஊருக்கு வந்து என்னன்னு சொல்ல? ஓடிப்போயிட்டான்னு சொன்னா நீ அன்னைக்கே தூக்குல தொங்கியிருப்பே. தைக்கு அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருந்துச்சு. எனக்கும் இவளைப் பேசி முடிச்சிருந்துச்சு. உண்மையைச் சொன்னா இவ அப்பா பொண்ணு குடுத்திருப்பாரா?”

கோமதித்தாயின் கழுத்துத் தாலியை அவளுடைய விரல்கள் தாமாகவே பிடித்துக்கொண்டன. அவள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது நினைவிருக்கிறது. துக்க வீடு என்றார்கள். அப்பா எத்தனை பெருமையாகச் சொன்னார், தங்கச்சி போன துக்கத்தில் மாப்பிள்ளை பாதியாய் இளைத்துவிட்டார் என்று!

“ரயில்ல போயிட்டான்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன்,” என்றான் ராமசுப்பு. “மிச்சத்தையெல்லாம் ஊரே சொல்லிக்கிட்டுது.”

“உசுரோட இருக்கிறவளுக்காலே வருசா வருசம் எள்ளு இறைச்சே?”

ராமசுப்பு தூணை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

“அவ பேரை உன் பிள்ளைக்கும் வச்சியேல! செத்தவ பேருன்னு சொல்லித்தானே வச்சே!”

சுந்தரம்மாள் கண்ணைத் துடைக்கவில்லை. அழுகை இன்னும் வந்து சேரவில்லை. அவளுக்கு எல்லாவற்றையும் விட அவசரமாக ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

“அந்தக் காதர் அவளை நல்லா வச்சிருக்கானா?”

“நல்லா வச்சிருக்கார்ம்மா. ரெண்டு பிள்ளைக.”

“ரெண்டு…” என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு முகம் மாறியது. “பதினாலு வருசமாச்சே. ஒரு தடவை கூட என்னைத் தேடணும்னு தோணலையா அவளுக்கு? ஒரு கார்டு போடக் கூடாதா? அந்தக் கல்நெஞ்சுக்காரி ஜாமுக்கு மட்டும் என் கைப்பக்குவம் வேணும்னு எழுதுதாளே, என்னைப் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருக்காளா அதுல?”

கோமதித்தாய் பத்திரிகையை மடித்தாள்.

“மூணு வரின்னு சொன்னியேட்டி. ரெண்டுதான் ஆச்சு. மூணாவது என்ன?”

“அத்தை, பிறகு படிக்கலாம்.”

“படி.”

“வேண்டாம்ட்டி,” என்றான் ராமசுப்பு. தூணை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்தான். “கோமதி, உன் காலைப் பிடிக்கேன். படிக்காதே.”

கோமதித்தாய் புருஷனைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். மூன்று நாளாக இந்த மனிதன் விட்ட வரிகளுக்காகத்தான் அவளுடைய பெட்டி நடுவீட்டில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. இன்னொரு வரியை மறைக்க அவளிடம் இடமில்லை.

படித்தாள்.

“‘இந்தப் பரிசை, 1965ஆம் வருடம் தை மாதம் காலமான என் அன்புத் தாயாருக்குச் சமர்ப்பிக்கிறேன்.’”

தெருவில் ஒரு ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

சுந்தரம்மாள் மகனைப் பார்த்தாள்.

“நான் எப்பம்ல செத்தேன்?”

ராமசுப்பு தரையில் விழுந்தான். நிஜமாகவே விழுந்தான்.

“காயல்பட்டினத்துலருந்து லெட்டர் போட்டாம்மா. உசுரோட இருக்கேன், அம்மாகிட்டச் சொல்லு, வந்து கால்ல விழுதேன்னு. அவ வந்து வாசல்ல நின்னா எல்லாம் போயிருமே! என்ன செய்யன்னு தெரியலை. ‘அம்மா உன் ஏக்கத்துலயே போயிட்டா. நீ வராதே, வந்தா ஊர்க்காரங்க வெட்டிப் போட்டுருவாங்க’ன்னு எழுதிட்டேன்.”

“என்னைக் கொன்னுட்டே.”

“அம்மா…”

“அவளை என்கிட்டக் கொன்னே. என்னை அவகிட்டக் கொன்னே. ஒரு ஸ்டாம்பு ஒட்டி!”

மகபூப் பீவியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. “யா அல்லா! அப்ப அந்தப் புள்ளையும் வருசா வருசம் உம்மா பேர்ல பாத்திஹா ஓதியிருக்குமே ஆச்சி. ஏழைகளைக் கூப்பிட்டுச் சோறு ஆக்கிப் போட்டிருக்குமே!”

இங்கே எள்ளும் தண்ணீரும். அங்கே பாத்திஹா. நடுவில் ராமசுப்பு ஒருத்தன். இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தார்கள்.

*

சுந்தரம்மாள் எழுந்தாள். யாருடைய கையையும் பிடிக்கவில்லை. அடுக்களைக்குப் போனாள். பீங்கான் ஜாடியின் துணிக்கட்டை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. கோமதித்தாய் பயந்து ஓடினாள்.

கிழவி ஒரு விரல் ஜாமை எடுத்து வாயில் வைத்திருந்தாள். பதினாலு வருஷத்துக்குப் பிறகு. கண்ணை மூடிக்கொண்டு ருசித்தாள். முகம் சுளித்தாள்.

“சீனி கூடிப்போச்சே!”

“ஆமா அத்தை.”

“எத்தனை வருசமா இப்படி இருக்கு?”

“நான் வந்த நாள்லருந்தே இப்படித்தான்.”

“ஒருத்தி சொல்லலையேட்டி.”

“சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?”

அப்போதுதான் அழுகை வந்தது. ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுந்தரம்மாள் அழுதாள். மருமகளின் தோளில் சாய்ந்து, ஜாம் ஒட்டிய விரலால் அவள் முதுகைப் பற்றிக்கொண்டு அழுதாள். “உன்னையல்லா வெளிய போகச் சொன்னேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா உன்னையல்லா…”

“பெட்டியைப் பிரிச்சு வச்சிருதேன் அத்தை.”

“பிரிக்காதே!” சுந்தரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அதுல என் சேலை ரெண்டு வையி. காயல்பட்டினத்துக்கு எந்த வண்டி? திருநெல்வேலி போயி மாறணுமா?”

“ஒரு தந்தி குடுத்துட்டுப் போங்க ஆச்சி,” என்றாள் மகபூப் பீவி அடுக்களை வாசலிலிருந்து. “திடீர்னு உங்களைப் பார்த்தா அந்தப் புள்ளை மயங்கி விழுந்துரும்.”

“தந்தியில என்னன்னு குடுக்க? ‘சாகவில்லை, வருகிறேன்’னா?”

சிரிப்பதா அழுவதா என்று மகபூப் பீவிக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

நடுவீட்டில் ராமசுப்பு இன்னும் தரையில்தான் இருந்தான். அவன் கண் பெட்டியில் இல்லை. அழுகிற அம்மாவிடமும் இல்லை. கீழே விழுந்து கிடந்த ஆபீஸ் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோமதித்தாய் அதைக் கவனித்தாள். மூன்று நாளில் அவளுக்கு அவன் கண்ணைப் படிக்க வந்துவிட்டது.

“அந்தப் பையில இன்னும் என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை.”

அவள் குனிந்து எடுத்தாள். பத்திரிகை இருந்தது. அதற்கடியில் நீல நிற இன்லண்ட் லெட்டர் ஒன்று. யூனியன் ஆபீஸ் விலாசம். பின்பக்கம் ‘க. கா., காயல்பட்டினம்’. இன்னும் பிரிக்கவில்லை.

“புதன்கிழமை வந்துச்சு,” என்றான் ராமசுப்பு. “பயமா இருந்துச்சு. பிரிக்கலை.”

கோமதித்தாய் அவனிடம் அனுமதி கேட்கவில்லை. கிழித்தாள். சத்தமாகவே படித்தாள். இந்தத் தடவை ஒரு வரியும் விடவில்லை.

“‘அன்புள்ள அண்ணாவுக்கு. அம்மாவின் ஜாமுக்குப் பரிசு கிடைத்திருக்கிறது. பத்திரிகையில் பார்த்திருப்பாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நீ வர வேண்டாம் என்றாய், பதினாலு வருஷம் வரவில்லை. இந்த ஒரு தடவை மன்னித்துக்கொள். அம்மா நின்று சமைத்த அடுக்களையை ஒரு முறை பார்த்துவிட்டுப் போய்விடுவேன். யாரிடமும் நான் யார் என்று சொல்ல மாட்டேன். இவர் பஸ் ஸ்டாண்டிலேயே இருந்துகொள்வார். நீ கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம்…’”

கோமதித்தாய் நிறுத்தினாள்.

யாரும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கவில்லை. காலையிலிருந்து அந்த வீட்டில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“‘…ஒன்றரை மணிக்குள் வந்துவிடுவேன்.’”

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று இருபத்தைந்து.

சுந்தரம்மாள் அடுக்களை வாசலில் ஜாடியோடு நின்றாள். தலைமுடி கலைந்து, முகமெல்லாம் ஈரம். சட்டென்று தன் புடவையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். “கோமதி, நான் எப்படிட்டி இருக்கேன்? என்னைப் பார்த்தா பயந்துருவாளோ?”

கோமதித்தாய் முதலில் சுவருக்குப் போனாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தங்கத்தாயின் போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினாள். அதைப் புருஷனின் கையில் கொடுத்தாள்.

“எந்திரிங்க.”

எழுந்தான்.

“நான் திறக்க மாட்டேன். அத்தையும் திறக்க மாட்டாங்க. பதினாலு வருசமா ரெண்டு பக்கமும் அடைச்சு வச்சது நீங்க. நீங்கதான் திறக்கணும். திறந்து, அவ முகத்தைப் பார்த்து, ‘அம்மா உள்ள இருக்கா’ன்னு நீங்கதான் சொல்லணும்.”

“கோமதி, என்னால முடியாதுட்டி…”

“முடியலைன்னா ட்ரங்குப் பெட்டி கட்டி ரெடியா இருக்கு. வாசுதேவநல்லூர் பஸ் ஒன்றரைக்கு. என் சேலையை எடுத்துட்டு உங்க வேட்டியை வச்சுத் தாரேன்.”

ராமசுப்பு வாசலைப் பார்த்து நடந்தான். ஒரு கையில் காய்ந்த மாலை. கதவுக்கு அந்தப் பக்கம், வெயில் காய்கிற தெருவில், செருப்புச் சத்தம் ஒன்று தயங்கித் தயங்கி வந்து நின்றது.

தாழ்ப்பாளில் கை வைத்தவன் திரும்பிப் பார்த்தான்.

“திறல,” என்றாள் செத்துப்போன சுந்தரம்மாள்.